சலூன் ஷேவிங்: புது பிளேடு மட்டும் போதுமா? கத்தி முகத்தில் படும் முன் கவனிக்க வேண்டியவை

"அண்ணே, புது பிளேடு போடுங்க."

அம்பத்தூர் ஓ.டி.யில் ஆரம்பித்து ஆவடி, பூந்தமல்லி வரை எந்த சலூனில் போய் உட்கார்ந்தாலும் இந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டுத் தலையைச் சாய்த்துவிடுகிறோம். கடைக்காரரும் பிளேடை எடுத்துக் காட்டுகிறார். அதோடு பாதுகாப்பு விஷயம் முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறோம்.

ஆனால் பிளேடு மாறிய பிறகும், ஒருவர் முகத்திலிருந்து அடுத்தவர் முகத்துக்குப் போகிற பொருட்கள் கண்ணாடி முன்னால் இருக்கும் அந்தப் பலகையில் இன்னும் நாலைந்து இருக்கின்றன. அவை என்ன, எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்படத் தேவையில்லை, கடைக்காரரிடம் என்ன கேட்கலாம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கத்தியா, பிளேடா? இப்போது கையில் இருப்பது எது?

பெரியவர்கள் 'சவரக் கத்தி' என்று சொல்வது மடக்குக் கத்தியை. முழுக்க ஒரே உலோகத் தகடு. வேலை முடிந்ததும் கைப்பிடிக்குள் மடிந்துகொள்ளும். ஷேவிங்குக்கு முன் தோல் வாரில் இழுத்துத் தீட்ட வேண்டும். முனை மழுங்கினால் கல்லில் சாணை பிடிக்க வேண்டும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டும், ஜெர்மனியின் சோலிங்கனும் இந்தக் கத்திக்குப் பேர்போன ஊர்கள். நல்ல கத்தி பல வருஷம் உழைக்கும். அதாவது, அத்தனை வருஷமும் அதே முனைதான் எல்லோர் முகத்திலும் படும். சிக்கலே அங்கேதான்.

அமெரிக்காவைச் சேர்ந்த கிங் கேம்ப் ஜில்லெட், 1904-ல் காப்புரிமை பெற்ற ரேசர் வேறு வழியைக் காட்டியது. தீட்ட வேண்டாம், சாணை பிடிக்க வேண்டாம். மழுங்கினால் மெல்லிய பிளேடைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு பிளேடு மாட்டிக்கொள்ளலாம். வீட்டிலேயே ஷேவ் செய்துகொள்பவர்களுக்காக வந்த பிளேடு அது.

இன்று நம்ம ஊர் சலூன்களில் இருப்பது இந்த இரண்டும் கலந்த கருவி. பார்க்க பழைய மடக்குக் கத்தி மாதிரியே இருக்கும். ஆனால் அது வெறும் பிடி. இரண்டு பக்கமும் கூர் உள்ள பிளேடை நீளவாக்கில் இரண்டாக உடைத்து, ஒரு பாதியை அதற்குள் செருகி ஷேவ் செய்கிறார்கள். வீட்டு ரேசரில் தோலைக் காப்பாற்ற ஒரு தடுப்பு இருக்கும். இதில் அது கிடையாது. கடைக்காரரின் கைப்பக்குவம்தான் தடுப்பு.

சலூன்களில் இந்த மாற்றம் எதனால் வந்தது?

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் உறுதி செய்யப்பட்டது 1986-ல், அதுவும் சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்டுதலில், அப்போது மேல்படிப்பு மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகளில் அது தெரியவந்தது. அதன் பிறகு வந்த ஆண்டுகளில் எய்ட்ஸ் விழிப்புணர்வுப் பிரசாரம் ஊர் ஊராகப் போனது. ஊசியோடு சேர்த்து, சலூன் பிளேடு பற்றிய பயமும் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. 'புது பிளேடு போடுங்க' என்று தயங்காமல் கேட்கும் பழக்கம் அந்தக் காலத்தில்தான் வேரூன்றியது.

அடுத்த பெரிய மாற்றம் கொரோனா காலத்தில் வந்தது. 2020 மார்ச்சில் மூடப்பட்ட சலூன்கள், சென்னை காவல் எல்லையில் ஜூன் மாதம்தான் திறந்தன. அப்போது வாடிக்கையாளரின் பெயர், முகவரி, செல்போன் எண், ஆதார் எண் வரைக்கும் எழுதி வைக்க வேண்டும் என்று தமிழக அரசு விதி போட்டது. ஆதார் போய்விட்டது. ஆனால் அந்த நாட்களில் பழகிய சானிடைசர், ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் துணி ஆகியவை சில கடைகளில் இன்னும் இருக்கின்றன. பல கடைகளில் பழையபடி ஒரே துண்டுதான்.

உண்மையில் எதற்குப் பயப்பட வேண்டும்?

எச்.ஐ.வி. என்றால்தான் எல்லோருக்கும் பயம். ஆனால் அந்தக் கிருமி உடலை விட்டு வெளியே வந்தால் சீக்கிரமே பலம் இழந்துவிடும். சலூன் கத்தி மூலமாக அது தொற்றும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. பயத்தை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்றால், ஹெபடைட்டிஸ் பி பக்கம். 'மஞ்சள் காமாலை பி' என்று நாம் சொல்வது இதைத்தான்.

ஹெபடைட்டிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாட்கள் உயிர்ப்போடு இருக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கண்ணுக்கே தெரியாத அளவு காய்ந்த ரத்தம் இருந்தாலும் போதும். கிருமி உள்ளே போன எல்லோருக்கும் கண் மஞ்சளாவதில்லை. பலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. பெரியவர்களில் பெரும்பாலோருக்கு அது தானாகவே சரியாகிவிடும். ஆனால் சிலருக்கு உடலிலேயே தங்கி, பல வருஷம் கழித்துக் கல்லீரல் சுருக்கமாகவோ புற்றுநோயாகவோ தலைகாட்டும். முன்னால் உட்கார்ந்திருந்தவருக்கு அந்தத் தொற்று இருக்கிறதா என்று அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

ஹெபடைட்டிஸ் சி கிருமியும் ரத்தம் வழியாகப் பரவுவதுதான். அதற்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் மாத்திரையிலேயே குணப்படுத்த முடியும். 2018-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அதற்கான பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

இவை தவிர, அன்றாடம் பார்க்கிற தொல்லைகள் உண்டு. முடி வேர்க்கால்களில் சீழ் வைப்பது, தாடியில் வட்ட வட்டமாகப் படை வருவது, ஷேவ் செய்த முடி தோலுக்குள்ளேயே சுருண்டு வளர்ந்து கட்டியாவது. உயிருக்கு ஆபத்து இல்லை என்றாலும், மாதக்கணக்கில் மருந்து போட வைத்துவிடும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த கிரீமைப் போட்டால் படை அடங்கிய மாதிரி தெரியும். பிறகு இன்னும் மோசமாகப் பரவும். தோல் டாக்டரைத்தான் பார்க்க வேண்டும்.

பிளேடு புதுசு, சரி. மற்றவை?

படிகாரக் கல்: ஷேவிங் முடிந்ததும் முகம் முழுக்கத் தேய்ப்பார்கள். படிகாரம் தோலைச் சுருக்கி, சின்னச் சின்ன வெட்டில் வரும் ரத்தத்தை நிறுத்தும். அதனால்தான் அது ஆபத்தும்கூட. ரத்தம் கசிகிற இடத்தில் தேய்த்த அதே கல்லைத்தான் அடுத்தவர் முகத்திலும் தேய்க்கிறார்கள். 'படிகாரமே கிருமிநாசினிதானே' என்பார்கள். ஹெபடைட்டிஸ் கிருமியை அழிக்க அதை நம்ப முடியாது. தூளாக்கிய படிகாரத்தைத் தண்ணீரில் கரைத்து பஞ்சில் தொட்டுப் போட்டால் இந்தப் பிரச்னையே இல்லை. அல்லது சொந்தமாக ஒரு சின்னக் கல்லைக் கையோடு எடுத்துப் போகலாம்.

பிரஷ்: ஈரமான பிரஷ், ஒரே கிண்ணத்துத் தண்ணீர், நாள் முழுக்க. படை உள்ளவர் முகத்தில் பட்ட பிரஷ் அடுத்தவர் முகத்துக்கும் வருகிறது. பிரஷ் இல்லாமல் கையாலேயே தடவும் நுரை, ஜெல் இருக்கிறதா என்று கேட்கலாம். பிரஷ்தான் என்றால், ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவச் சொல்லலாம்.

துண்டு: காலையில் வெள்ளையாக இருந்த துண்டு, மாலையில் எத்தனை முகத்தைத் துடைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டிலிருந்து ஒரு கைக்குட்டை, இல்லையென்றால் டிஷ்யூ பேப்பர். இதைவிட எளிய வழி கிடையாது.

கத்திப் பிடி: பிளேடு மாறினாலும் அதைக் கவ்விப் பிடிக்கும் இடுக்கு மாறுவதில்லை. நுரை, முடி, சில நேரம் ரத்தம் எல்லாம் அந்த இடுக்கில் போய்த் தங்கும். அதனால், பழைய பிளேடை எடுத்த பிறகு பிடியைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் புதியதைச் செருக வேண்டும். டெட்டால் கலந்த தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுப்பது போதாது. முதலில் சோப்பால் அழுக்கு போக வேண்டும். பிறகுதான் கிருமிநாசினி, அதுவும் சில நிமிடமாவது ஊற வேண்டும். தோல் வாரில் தீட்டும் முழுக் கத்தி வைத்திருக்கும் கடையாக இருந்தால் இன்னும் கவனம். அதை ஒவ்வொருவருக்கும் முறையாகக் கிருமி நீக்காமல் பயன்படுத்தவே கூடாது.

மிச்சப் பாதி பிளேடு என்ன ஆகிறது?

பலருக்கு இருக்கும் சந்தேகம் இது. உடைத்த பிளேடில் இன்னொரு பாதியை அடுத்தவருக்கு வைப்பது தப்பில்லை, அது யார் முகத்திலும் படாமல் உறைக்குள்ளேயே இருந்தால். சிக்கல் எங்கே என்றால், பயன்படுத்திய பாதியும் பயன்படுத்தாத பாதியும் ஒரே தட்டில் கிடப்பதில். எனவே 'புது பிளேடா?' என்று கேட்பதைவிட, 'என் முன்னாலேயே உறையிலிருந்து எடுங்க' என்று கேட்பதுதான் சரி.

பிளேடை மாற்றச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் முடி உருக்கை விட சுமார் 50 மடங்கு மென்மையானது. ஆனாலும் ஷேவிங் செய்யச் செய்ய அது பிளேடின் முனையைச் சில்லு சில்லாகப் பெயர்த்துவிடும். அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் இதை நுண்ணோக்கியில் பார்த்து 2020-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். சில்லு பெயர்ந்த முனை முடியை வெட்டாது, இழுக்கும். எரிச்சல் அதனால்தான்.

நல்ல ஷேவிங் எப்படி இருக்கும்?

முதலில் தண்ணீர். வெந்நீராக இருந்தால் இன்னும் நல்லது. தாடி இரண்டு மூன்று நிமிஷம் ஈரத்தில் ஊறினால் முடி மெத்தென்று ஆகி, குறைந்த அழுத்தத்திலேயே வெட்டுப்படும். ஸ்ப்ரே பாட்டிலில் ரெண்டு அடி அடித்துவிட்டு உடனே கத்தியை வைப்பது அவசர வேலை.

அடுத்து நுரை. கத்தி வழுக்கிப் போவதற்கு அதுதான் உதவும். காய்ந்த நுரை மேல் கத்தி போகக் கூடாது.

கத்தியைத் தோலோடு ஏறக்குறைய 30 டிகிரி சாய்த்துப் பிடிப்பது வழக்கம். இன்னொரு கை தோலை இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். முதல் தடவை முடி வளரும் திசையிலேயே. அதன் பிறகு வேண்டுமானால் மறுபடி நுரை போட்டு, குறுக்காக. மழமழவென்று வேண்டும் என்று கீழிருந்து மேலே இழுக்கச் சொன்னால், முடி தோலுக்குள் சுருண்டு கட்டியாகும் வாய்ப்பு அதிகம். கழுத்தில் அடிக்கடி கொப்புளம் வருபவர்கள் ஒரு தடவையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஐயப்பனுக்கு மாலை போட்டு விரதம் முடித்து வருபவர்கள் தாடியோடு நேராக ஷேவிங்குக்கு உட்காரக் கூடாது. முதலில் மெஷினிலோ கத்தரிக்கோலிலோ குறைத்துவிட்டு, பிறகுதான் கத்தி. நீண்ட முடி கத்தியில் சிக்கினால் தோலும் சேர்ந்து வெட்டுப்படும்.

நேரமும் முக்கியம். பல சலூன்களுக்குச் செவ்வாய்க்கிழமை லீவு, ஞாயிற்றுக்கிழமை கூட்டம். தொழிற்பேட்டைப் பக்கம் ஷிப்ட் விடும் நேரத்திலும் பெஞ்சு நிறைந்திருக்கும். வரிசை நீண்டால் கழுவுவது, துடைப்பது எல்லாம் சுருங்கிவிடும். முடிந்தால் வாரநாளில் காலை நேரத்தில் போங்கள்.

யார் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்?

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சின்ன வெட்டு ஆறுவதற்கும் நாளாகலாம். இதய நோய்க்காக ரத்தத்தை இளக வைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ரத்தம் சீக்கிரம் நிற்காது. முகத்தில் பரு, படை, புண் இருப்பவர்கள் அது ஆறும் வரை கத்தியைத் தவிர்க்கலாம், டிரிம்மர் போதும். சின்ன வெட்டும் தழும்பாகத் தடித்து வளரும் உடல்வாகு உள்ளவர்களும் அப்படியே.

குழந்தைகளுக்கு மொட்டை அடிக்கும்போதும் இதே விதிதான். திருவேற்காடு கருமாரியம்மன் கோயில் மாதிரி அறநிலையத் துறைக் கோயில்களில் 2021 செப்டம்பர் முதல் மொட்டைக்குக் கட்டணம் கிடையாது. அந்தத் தொழிலாளர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகையை அரசு அறிவித்தது. கட்டணம் இல்லை என்பதற்காக, பிளேடை உறையிலிருந்து எடுக்கச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம்.

வெட்டுப்பட்டுவிட்டது, என்ன செய்வது?

முதலில் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவுங்கள். சுத்தமான பஞ்சாலோ டிஷ்யூவாலோ சில நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். கடைக் கல்லைத் தேய்க்க விட வேண்டாம். பிளேடு உங்கள் முன்னால் பிரித்த புதியது என்றால் பதறத் தேவையில்லை.

பயன்படுத்திய பிளேடு என்று சந்தேகம் இருந்தால் தள்ளிப்போடாமல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை எவ்வளவு சீக்கிரம், முடிந்தால் 24 மணி நேரத்துக்குள், போடுகிறோமோ அவ்வளவு பலன். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவையா என்பதை டாக்டர்தான் முடிவு செய்வார். தேவைப்பட்டால் அதை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். சந்தேகம் கேட்க 104 என்ற சுகாதார உதவி எண்ணும், எச்.ஐ.வி. சம்பந்தமாக 1097 என்ற எண்ணும் இருக்கின்றன.

இதற்கெல்லாம் முன்பாகவே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி நாடு முழுவதும் குழந்தைகளுக்கான அரசுத் திட்டத்தில் சேர்ந்தது 2011-ல்தான். அதற்கு முன் பிறந்தவர்களில் பலர் அதைப் போட்டிருக்க மாட்டார்கள். பெரியவர்களுக்கு 3 ஊசி: முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. மாதம் நாலு தடவை கத்திக்கு முகத்தைக் கொடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

ஷேவிங் முடிந்ததும் நெட்டி முறிக்கலாமா?

வேண்டாம். தலையை ஒரு பக்கம் சட்டென்று திருப்பி 'டக்' என்று சத்தம் வர வைப்பது சுகமாகத்தான் இருக்கும். ஆனால் மூளைக்கு ரத்தம் கொண்டு போகும் குழாய்கள் கழுத்தெலும்பு வழியாகத்தான் போகின்றன. சட்டென்று முறுக்கும்போது அந்தக் குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரை போனதை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. தலையில் எண்ணெய் வைத்து மென்மையாகப் பிடித்துவிடுவதோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

கடைக்காரருக்கும் இதே ஆபத்துதான்

நாம் மாதத்தில் சில தடவை கத்திக்கு முன்னால் உட்காருகிறோம். கடைக்காரர் தினமும் அந்த பிளேடை விரலால் உடைக்கிறார். பிடியிலிருந்து எடுக்கிறார். விரலில் வெட்டு விழாத சலூன்காரர் கிடைப்பது அரிது. முன்பின் தெரியாத எத்தனையோ பேரின் ரத்தம் படும் வாய்ப்பு நம்மைவிட அவருக்குத்தான் அதிகம். தடுப்பூசி முதலில் தேவைப்படுவதும் அவருக்குத்தான்.

ஒரு காலத்தில் இந்தத் தொழிலைச் செய்தவர்கள் கட்டி கீறுவது, காயத்துக்கு மருந்து வைப்பது, பிரசவம் பார்ப்பது என்று ஊருக்கே வைத்தியம் பார்த்தவர்கள். மருத்துவர் என்ற சமூகப் பெயர் இன்றும் அதைச் சொல்கிறது. அப்படிப்பட்ட தொழிலில் இருப்பவரிடம் சுத்தம் பற்றிக் கேட்பது அவரை அவமானப்படுத்துவது ஆகாது. கேட்கிற தொனிதான் முக்கியம். 'பழைய பிளேடா வைக்கிறீங்க?' என்றால் சண்டை. 'அண்ணே, புதுசா ஒண்ணு பிரிங்க, அதுக்குச் சேர்த்து வாங்கிக்கோங்க' என்றால் வேலை முடிந்தது. டிஷ்யூ, தனி பிளேடு, கழுவ எடுக்கும் ஐந்து நிமிஷம், இதற்கெல்லாம் காசு ஆகும். ஷேவிங்குக்கு பத்து ரூபாய் அதிகம் என்று பேரம் பேசினால், அந்தப் பத்து ரூபாய் கழிவது சுத்தத்தில்தான்.

தமிழ்நாட்டில் முடிதிருத்தும் தொழிலாளர்களுக்குத் தனி நல வாரியம் இருக்கிறது. அதில் பதிவு செய்திருக்கிறாரா என்று உங்கள் வழக்கமான கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். விபத்து, படிப்பு, ஓய்வூதியம் என்று உதவிகள் உண்டு.

பிளேடு குப்பைக்குப் போன பிறகு?

உடைந்த பிளேடை முடியோடு சேர்த்துக் கூட்டி அள்ளிப் போட்டால், மறுநாள் காலையில் அது தூய்மைப் பணியாளரின் கையைக் கிழிக்கும். பழைய தண்ணீர் பாட்டிலிலோ தகர டப்பாவிலோ போட்டு மூடி, நிறைந்ததும் தனியாகக் கொடுப்பதுதான் முறை. பிளேடுக்கு என்று தனி டப்பா இருக்கிற கடை, மற்ற விஷயத்திலும் கவனமாக இருக்கிற கடை என்று ஓரளவு நம்பலாம். உள்ளே நுழைந்ததும் முதலில் அதைப் பாருங்கள்.

புகார் செய்ய வேண்டியிருந்தால்?

சொல்லியும் கேட்காத கடையை விட்டு வேறு கடைக்குப் போவதுதான் முதல் வழி. சுகாதாரம் மிக மோசம் என்றால் உள்ளாட்சி அமைப்பின் சுகாதாரப் பிரிவில் சொல்லலாம். மூன்று ஊருக்கும் மூன்று அலுவலகம் என்பதால் பலர் குழம்புகிறார்கள். அம்பத்தூர் 2011 முதல் சென்னை மாநகராட்சிக்குள் வருகிறது, அது 7-வது மண்டலம்; 1913 என்ற எண்ணில் புகார் செய்யலாம். ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி. பூந்தமல்லி நகராட்சி. இந்த இரண்டும் திருவள்ளூர் மாவட்டம்.

அடுத்த முறை நாற்காலியில் உட்காரும்போது கேட்க வேண்டியது நாலே விஷயம்: பிளேடை என் முன்னால் பிரிங்க, பிடியைக் கழுவிட்டுச் செருகுங்க, துண்டு வேண்டாம் டிஷ்யூ கொடுங்க, கல்லு தேய்க்காதீங்க. சொல்லி முடிக்க அரை நிமிஷம்கூட ஆகாது.